ஒரே பேர், வேற வேற ரோசா: உங்கட சாடியில நிக்கிறது எது எண்டு கண்டுபிடிக்கிற வழி

கொழும்பில கண்டு விக்கிற ரெண்டு இடத்தில "ப்ளூ மூன்" எண்டு கேட்டு ஒவ்வொரு ரோசாக்கண்டு வாங்கி வைச்சுப் பாருங்கோ. ஒண்டு நெடுநெடு எண்டு வளந்து தண்டுக்கு ஒரு பூ பூக்கும், மற்றது குட்டையாப் பரந்து கொத்தாப் பூக்கும், ரெண்டிலயும் கட்டியிருக்கிற துண்டில ஒரே பேர்தான் கிடக்கும். விக்கிறவர் ஏமாத்திறார் எண்டும் சொல்லேலாது, மலைநாட்டில இருந்து லொறியில வரேக்க அவருக்குச் சொன்ன பேரைத்தான் அவர் எங்களுக்குச் சொல்றார். "மல்லி, மே ரோஸ் எக்கே நம மொகக்த?" (தம்பி, இந்த ரோசாவின்ட பேர் என்ன?) எண்டு சிங்களத்தில கேட்டா ஊதா நிறமெண்டா ப்ளூ மூன், கடுஞ்சிவப்பெண்டா ப்ளாக் ரோஸ், சின்னனெண்டா பட்டன் ரோஸ், மணமெண்டா பன்னீர் ரோஸ், இப்பிடி நாலஞ்சு பேருக்குள்ள உலகத்து ரோசா முழுக்க அடங்கிப்போகும்.

அதால பேர் எழுதின துண்டை ஒரு பக்கம் வைச்சிட்டு செடியைப் பாத்துப் பிடிக்கிறது எப்பிடி எண்டதைத்தான் இங்க எழுதுறன். ஒரு விசயத்தை முதல்லயே சொல்லிப்போடுறன், நிறத்தைக் கடைசியாப் பாருங்கோ. கொழும்பு வெக்கையில ரோசா ஒண்டிலயும் நம்பேலாதது அதின்ட நிறம்தான், அதுக்கான காரணம் பின்னால வருது.

முதல்ல உங்கட குழப்பம் எந்த மாதிரிக் குழப்பம் எண்டு பிரிச்சுக்கொள்ளுங்கோ, ஏனெண்டா ஒவ்வொண்டுக்கும் தேடுற வழி வேற. ஒண்டு நான் மேல சொன்ன கடைப்பேர், அது ஒரு ரகத்தின்ட பேரே இல்லை, ஒரு கூட்டத்தின்ட பேர். "கொடி ரோஸ்" எண்டா கொடியா ஏறுற எதுவும் அதுதான், அதுக்குள்ள எந்த ரகம் எண்டு தேட வேண்டியது எங்கட பாடு.

அடுத்தது, உண்மையாவே ரெண்டு ரோசாவுக்கு ஒரே பேர் இருக்கிறது. இதுக்கு நல்ல உதாரணம் ஈடன். பிரான்சில புது ரோசா ரகம் உருவாக்கிற மெய்யோன் குடும்பம் 1950ல "ஈடன் ரோஸ்" எண்டு ஒரு கடும் இளஞ்சிவப்பு ஹைப்ரிட் டீ (தண்டுக்கு ஒரு பெரிய பூவாப் பூக்கிற வகை) ரோசா வெளியிட்டவை. பிறகு அதே மெய்யோன் ஆக்களே 80களில "பியர் து ரொன்சார்" எண்டு ஒரு கொடி ரோசாவைக் கொண்டுவந்தவை, அது அமெரிக்காவிலயும் வேற இடங்களிலயும் "ஈடன்" எண்ட பேரிலயும் "ஈடன் ரோஸ் 85" எண்ட பேரிலயும் விலைப்பட்டது. இண்டைக்கு ஆராவது ஈடன் எண்டு சொன்னா நூற்றுக்குத் தொண்ணூறு இந்தக் கொடியைத்தான் சொல்லுவினம், ஆனா பழைய புத்தகத்தைத் திறந்தா பழைய ஈடன்தான் வரும், வாசிச்சிட்டு என்ட செடி ஏன் இப்பிடி இல்லை எண்டு மண்டையைப் போட்டு உடைப்பம். ரெண்டையும் பிரிக்கிறது உண்மையில சுகம். பழையது நிமிந்து நிக்கிற செடி, பெரிய பூ, பூ முழுக்க ஒரே கடும் பிங்க், நல்ல மணம். கொடி ஈடன் கிண்ணம் மாதிரி உருண்ட பூ, வெளி இதழ் பச்சை ஓடின கிறீம் வெள்ளை, உள்ளுக்குப் போகப்போகப் பிங்க், இதழ் அம்பதுக்கு மேல, பாரம் தாங்காமப் பூ தலையைக் கவிழ்க்கும், மூக்கை வைச்சு மணந்தாலும் பெரிசா ஒண்டும் இருக்காது. மழைக்காலத்தில இதின்ட மொட்டு விரியாம அப்பிடியே பந்தா அழுகிறதையும் பாப்பியள், அவ்வளவு இதழ் நனைஞ்சு ஒட்டிக்கொண்டா பிறகு எங்க விரியிறது. இதுக்குப் பிறகு "ரெட் ஈடன்" எண்டும் ஒண்டு விக்கினம், அது "எரிக் தபார்லி" எண்ட வேற ரோசா, பேர் ஒண்டாக் கிடக்கு எண்டு ஈடனில சிவப்பு வந்திருக்கு எண்டு நினைக்கவேண்டாம்.

இதுக்கு நேர்மாறானது, ஒரே ரோசாவுக்குக் கன பேர். "பீஸ்" ரோசா இருக்கெல்லோ, மஞ்சளில பிங்க் ஓரம், அது பிரான்சில "மதாம் ஆ. மெய்யோன்", இத்தாலியில "ஜோயா", ஜேர்மனியில "குளோரியா டெய்", 1945ல அமெரிக்காவில யுத்தம் முடியிற நேரம் வைச்ச பேர்தான் பீஸ். கோர்டெஸ் 1958ல விட்ட வெள்ளை "ஐஸ்பேர்க்" ஜேர்மன்காரருக்கு "ஷ்னேவிட்சென்". ஜேர்மனியில இருக்கிற சொந்தக்காரர் ஒரு பேர் சொல்ல இங்க நீங்கள் இன்னொரு பேர் சொல்ல ரெண்டு பேரிட்டயும் இருக்கிறது ஒரே செடியா இருக்கலாம்.

இந்தச் சிக்கலுக்காகத்தான் ரோசாவுக்குப் பதிவுப்பேர் எண்டு ஒண்டு வைச்சிருக்கினம். ரோசாப் பேர்களை உலகத்துக்கே பதியிற பொறுப்பு 1955ல இருந்து அமெரிக்கன் ரோஸ் சொசைட்டியிட்ட இருக்கு. கடைப்பேர் நாட்டுக்கு நாடு மாறும், பதிவுப்பேர் மாறாது. புது ரகங்களின்ட பதிவுப்பேரில முதல் ரெண்டு மூண்டு எழுத்து பெரிய எழுத்தில இருக்கும், அதைப் பாத்தாலே உருவாக்கினவர் ஆரெண்டு விளங்கும்: எம் ஈ ஐ எண்டா மெய்யோன், கே ஓ ஆர் எண்டா கோர்டெஸ், டி ஏ என் எண்டா டான்டாவ், ஏ யூ எஸ் எண்டா டேவிட் ஒஸ்டின். கொடி ஈடன்ட பதிவுப்பேர் மெய்வியோலின், ஐஸ்பேர்க்கின்ட பேர் கோர்பின். வெளிநாட்டில இருந்து வந்த கண்டில ப்ளாஸ்டிக் துண்டு கட்டியிருந்தா அதில பெரிய எழுத்தில கிடக்கிற அழகான பேரை விட்டிட்டு கீழ பொடி எழுத்தில கிடக்கிற இந்தப் பேரைக் கொப்பியில எழுதுங்கோ, துண்டையும் எறியாதேங்கோ. அந்த ஒரு சொல் கிடைச்சா மிச்ச வேலை அரைவாசி முடிஞ்சமாதிரி. ஆனா இங்க ஊர்க் கண்டுகளில அது கிடைக்காது, அப்ப செடியைத்தான் வாசிக்கோணும்.

தேவைப்படுற சாமான் பெரிசா இல்லை. ஒரு கொப்பி, பென்சில், அடிமட்டம், வெள்ளைத் தாள், ஃபோன், முடிஞ்சா ஒரு கைவில்லை. நேரம் முக்கியம். விடிய ஏழு ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடையில பாருங்கோ, அதுக்குப் பிறகு வெயில் ஏற மணம் பறந்திடும், பூவும் வாடத் துவங்கும். மாதம் எண்டு பாத்தா ஜனவரி, பெப்ரவரி நல்லம். மே துவங்கி தென்மேற்கு மழை பிடிச்சிட்டா கரும்புள்ளி நோய் வந்து இலை எல்லாம் மஞ்சளாகி விழுந்து செடி மொட்டைத் தடியா நிக்கும், அந்த நேரம் இலையைப் பாத்து என்னத்தைச் சொல்றது. புதுசா வாங்கின கண்டையும் உடன பாக்கவேண்டாம். நுவரெலியாக் குளிரில வளந்து வந்த முதல் பூ ஒரு மாதிரி இருக்கும், இங்க வந்து புதுத் தளிர் விட்டுப் பூக்கிற பூ வேற மாதிரி இருக்கும், இங்க பிடிச்ச தளிரில பூத்த பூவைத்தான் கணக்கில எடுக்கோணும்.

இப்ப கீழ இருந்து மேல போவம்.

செடியின்ட நடை எப்பிடி? நிமிந்து போகுதா, பரந்து போகுதா, வளைஞ்சு சாயுதா, ஆள் உயரத்துக்கு மேல போகுதா? ஒரு தண்டு நுனியில ஒரு பூவா, கொத்தா? குயின் எலிசபெத் (1954ல வந்தது) எங்கட பக்கத்து வீட்டு முத்தங்களில கனக்க நிக்கிற பிங்க், அது ஆளை விட உயரமாப் போகும், தண்டில முள்ளும் குறைவு, இந்த ரெண்டையும் வைச்சே தூரத்தில நிண்டு சொல்லலாம். சாடியில வளக்கிறவை இதில கவனம், சின்னச் சாடியில எல்லாச் செடியும் குட்டையாத்தான் நிக்கும்.

அடுத்தது முள். இதை ஒருத்தரும் பாக்கிறதில்லை, ஆனா வெக்கை, மழை, உரம் ஒண்டுக்கும் அதின்ட வடிவம் லேசில மாறாது. போன வருசத்து முத்தின தண்டில ஒரு சாண் நீளத்தை எடுத்து எத்தினை முள் எண்டு எண்ணுங்கோ. நேரா நிக்குதா, கீழ நோக்கி வளைஞ்சிருக்கா, அடி அகலமா, எல்லாம் ஒரே அளவா இல்லாட்டி பெரிய முள்ளுக்கு இடையில ஊசி மாதிரிப் பொடி முள்ளும் இருக்கா? ஐஸ்பேர்க்கில முள் மிச்சம் குறைவு. வெள்ளைக் கொத்து ரோசா ஒண்டு ஐஸ்பேர்க் எண்டு சொல்லி வந்து கையைக் கிழிச்சு அனுப்பினா அது ஐஸ்பேர்க்கா எண்டு ஒருக்கா யோசியுங்கோ.

இலையில, தண்டின்ட நடுப்பகுதியில முத்தின இலையை எடுங்கோ, நுனித் தளிரை எடுக்கவேண்டாம். ஒரு காம்பில எத்தினை சிற்றிலை, அஞ்சா ஏழா ஒன்பதா? மேல்பக்கம் பளபளப்பா, மங்கலா? கீழ்ப்பக்கத்தை விரலால தடவினா மெல்லிசா மயிர் தட்டுப்படுதா? புதுத் தளிர் சிவப்பா வருதா பச்சையாவே வருதா எண்டதையும் எழுதுங்கோ. பிறகு இலைக்காம்பு தண்டோட சேருற இடத்தில ரெண்டு பக்கமும் சின்னச் செட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், இலையடிச்செதில் எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சிருப்பியள், அதின்ட ஓரம் நேரா வழுவழு எண்டு இருக்கா, சீப்புப் பல்லு மாதிரிப் பிரிஞ்சு கிடக்கா? சீப்புப் பல்லு எண்டா அந்தச் செடியில மல்டிஃப்ளோரா எண்ட காட்டு ரோசாவின்ட ரத்தம் இருக்கு. இது ஏன் முக்கியம் எண்டு கீழ சொல்றன்.

மொட்டு. விரியமுதல் மொட்டை மூடிக்கொண்டு இருக்கிற அஞ்சு பச்சைப் புல்லியிதழையும் பிரிச்சுப் பாருங்கோ. இது ஒரு பழைய விடுகதையாவே ஐரோப்பாவில இருக்கு, அண்ணன் தம்பி அஞ்சு பேர், ரெண்டு பேருக்குத் தாடி, ரெண்டு பேருக்குத் தாடி இல்லை, ஒருத்தருக்கு ஒரு பக்கம் மட்டும் தாடி. ஒண்டை ஒண்டு மூடிக்கொண்டு வளரேக்க வெளியில இருக்கிற ஓரத்தில மட்டும்தான் தாடி முளைக்கும், அதால இந்தக் கணக்கு. ரகத்துக்கு ரகம் மாறுறது அந்தத் தாடியின்ட அளவு, சிலதில இலை மாதிரியே பெரிசா நீட்டிக்கொண்டு நிக்கும், சிலதில சும்மா ஒரு நூல். அதோட பூக்காம்பில ஒட்டுற மாதிரிச் சின்னச் சுரப்பி மயிர் இருக்கா, பூவுக்குக் கீழ இருக்கிற பச்சைக் கும்பம் உருண்டையா, கிண்ணம் மாதிரியா, ஒடுங்கின புனல் மாதிரியா எண்டும் பாருங்கோ. இந்தக் கும்பத்தைத்தான் நான் முள்ளுக்கு அடுத்ததா நம்புறது.

பூ கடைசி. பூவிலயும் முதல்ல இதழை எண்ணுங்கோ, நிறம் பிறகு. உதிரப்போற பூ ஒண்டைப் பிடுங்கி வெள்ளைத் தாளில இதழ் இதழாக் கழட்டி வையுங்கோ. அமெரிக்கன் ரோஸ் சொசைட்டிக் கணக்கில 8 வரைக்கும் ஒற்றை, 9 இல இருந்து 16 அரை அடுக்கு, 17 இல இருந்து 25 அடுக்கு, 26 இல இருந்து 40 நிறை அடுக்கு, அதுக்கு மேல எண்டா மிக நிறைஞ்சது. ஒரு பூவை எண்ணிப்போட்டு விடாதேங்கோ, அஞ்சாறு பூவை எண்ணிக் குறைஞ்சதையும் கூடினதையும் எழுதுங்கோ. நடுவில மஞ்சள் மகரந்தக் கம்பி தெரியுதா இல்லையா, இதழின்ட முதுகு வேற நிறமா, ஓரம் அலையா, பூ வயசாக எந்த நிறத்துக்குப் போகுது, உதிருதா இல்லாட்டி செடியிலயே காயுதா.

நிறத்தை ஏன் நம்பேலாது எண்டா, சிவப்பு, பிங்க் நிறம் குடுக்கிற பொருள் குளிரில கூட உண்டாகும், வெக்கையில குறையும். ஹக்கலவில அஞ்சரையாயிரம் அடி உயரத்தில நிக்கிற பீஸ் பூவின்ட ஓரத்தில இருக்கிற பிங்க், வெள்ளவத்தை மொட்டைமாடியில கிட்டத்தட்ட இல்லாமலே போயிடும், வெறும் வெளிறின மஞ்சளா நிக்கும், பூவும் சின்னன், இதழும் கொஞ்சம் குறையும். இது பீஸ் இல்லை, ஏமாத்திப்போட்டான் எண்டு கண்டுக்காரரோட சண்டைக்குப் போகவேண்டாம். டபுள் டிலைட் (1977) இன்னும் ஒரு படி மேல, அதின்ட இதழ் ஓரத்துச் சிவப்பு வெயிலின்ட புற ஊதாக் கதிர் பட்டாத்தான் ஏறும். பல்கனிக்கு மேல கண்ணாடி மாதிரிப் பொலிகாபனேட் ஷீட் போட்டிருக்கிற வீட்டில வெளிச்சம் தாராளமா வரும், ஆனா அந்த ஷீட் புற ஊதாவை மறிச்சுப்போடும், அதால ஒரே செடியில இருந்து எடுத்த ரெண்டு கண்டு உங்கட வீட்டில கிறீமாவும் தங்கச்சி வீட்டில சிவப்பாவும் பூக்கலாம், ரெண்டும் ரெண்டு ரகம் எண்டு குடும்பத்துக்குள்ள விவாதம் நடக்கும்.

இப்ப இதெல்லாத்தையும் வைச்சு உண்மையாவே பிரிச்சுப் பாப்பம்.

"ப்ளாக் ரோஸ்" எண்டு இங்க விக்கிறது பெரும்பாலும் கடுஞ்சிவப்பு வெல்வெட் ரோசா. கறுப்பு ரோசா எண்டு உலகத்தில ஒண்டும் இல்லை, நீல ரோசாவும் இல்லை, ஜப்பானில சன்டோரி கம்பெனி மரபணு மாத்தி 2009ல விக்கத் துவங்கின "அப்ளோஸ்" கூட பாத்தா ஊதாதான். நெட்டில கறுப்பு, நீலம், வானவில் எண்டு விதைப் பக்கெட் விக்கினம், காசைக் கடலில போடுறதும் அதுவும் ஒண்டுதான், ரோசா ரகம் விதையில அப்பிடியே வராது. சரி, அந்தக் கடுஞ்சிவப்புக்குள்ள வந்தா பொதுவா இழுபடுறது மூண்டு பேர்: பாப்பா மெய்யோன் (1963), மிஸ்டர் லிங்கன் (1964), ஒக்லஹோமா (1964). இதில வேடிக்கை என்னெண்டா மூண்டுக்கும் தாய் தகப்பன் ஒண்டு, "கிறைஸ்லர் இம்பீரியல்" ரோசாவை "சார்ல்ஸ் மல்லெரன்" ரோசாவோட சேத்து வந்தது, பாப்பா மெய்யோன் பிரான்சில, மற்ற ரெண்டும் அமெரிக்காவில ஸ்விம், வீக்ஸ் எண்ட ரெண்டு பேரின்ட கையால. கூடப்பிறந்ததுகள் எண்டபடியா மூண்டும் கடும் மணம், மூண்டும் வெல்வெட், படத்தைப் பாத்து ஒருத்தராலும் பிரிக்கேலாது.

செடியில பிரிக்கலாம். மிஸ்டர் லிங்கன் மூண்டிலயும் நெட்டை, நீளத் தண்டு, இதழ் முப்பத்தஞ்சை அண்டித்தான், நல்லா விரிஞ்சா நடுவில மஞ்சள் கம்பி தெரியும், சிவப்பும் மற்ற ரெண்டை விடக் கொஞ்சம் வெளிச்சம். ஒக்லஹோமா பூ உருண்டை, இதழ் நாப்பதுக்கு மேல, மொட்டில மிச்சம் கறுப்பு, செடி பத்தை மாதிரி அடரும், பூ வயசாக மற்றதுகளை விட வடிவா ஊதாவுக்குத் திரும்பும். பாப்பா மெய்யோன் கூரான மொட்டு, இதழில கறுப்பு நரம்பு ஓடுறது தெரியும், முள் தாராளம், இலையில சாம்பல் பூஞ்சை முதல்ல பிடிக்கிறதும் இதைத்தான். பூ ஊதாவாப் போகுது எண்டு மட்டும் வைச்சு ஒக்லஹோமா எண்டு முடிவு கட்டவேண்டாம், பூ முதிர இதழுக்குள்ள இருக்கிற சாற்றில புளிப்பு குறைஞ்சு எல்லாச் சிவப்பு ரோசாவும் கொஞ்சம் ஊதா தட்டும். இந்த மூண்டையும் விட்டிட்டு "ப்ளாக் பக்கரா" எண்ட மெய்யோன் ரோசாவும் ப்ளாக் ரோஸ் எண்ட பேரில வரும், அதுக்கு ஒரு நிமிசம் காணும், மணந்து பாருங்கோ, கிட்டத்தட்ட மணமே இல்லை. (பக்கரா எண்டு 1954ல வந்த வேற ஒரு சிவப்பும் இருக்கு, அது கறுப்பும் இல்லை, இதுவும் இல்லை. பேர் வைக்கிறவைக்குப் பஞ்சம் போல.)

ப்ளூ மூனும் இப்பிடித்தான். உண்மையான ப்ளூ மூன் ஜேர்மனியில டான்டாவ் உருவாக்கினது, அங்க "மைன்ஸர் ஃபாஸ்ட்நாஹ்ட்" எண்டு பேர், நெட்டைச் செடி, நீளத் தண்டில பெரிய பூ, முள் குறைவு, எலுமிச்சை கலந்த இனிப்பு மணம் நல்லா அடிக்கும். குட்டையாப் பரந்து, இதழ் ஓரம் அலை அலையா, நடுவில பளிச்செண்டு மஞ்சள் கம்பி தெரிஞ்சா அது "ஏஞ்சல் ஃபேஸ்" (1968) பக்கம் போகுது. குட்டையா நிண்டு பூ மட்டும் நிறைய இதழோட கிண்ணம் மாதிரி வந்தா மெய்யோன்ட "சார்ல்ஸ் டி கோல்" எண்டு சந்தேகப்படலாம்.

பன்னீர் ரோசாவுக்கு வருவம், இதில எங்கட ஆக்கள் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவினம். கலியாண வீட்டில செம்பில தெளிக்கிற பன்னீர் எந்த ரோசாவில வாறது எண்டு கேட்டா டமாஸ்க் ரோசா, பல்கேரியாவில கஸான்லிக் பக்கம் எண்ணெய்க்கு வளக்கிறதும் அதுதான். ஆனா அந்த எண்ணெய் டமாஸ்க் குளிர்காலம் கண்டு, அது முடிய வருசத்துக்கு ஒருக்காப் பூக்கிற செடி. கொட்டாஞ்சேனை வீட்டு முத்தத்தில மாதாமாதம் பூத்துச் சாமிப்படத்துக்குப் போற பிங்க் ரோசா அதுவா இருக்க வாய்ப்பு மிச்சம் குறைவு. தமிழ்நாட்டில பன்னீர் ரோஜா எண்டு சொல்றது கனக்க இடத்தில எட்வர்ட் ரோஸை, அதின்ட முழுப் பேர் "ரோஸ் எதுவார்", வந்த இடம் முந்தி பூர்போன் எண்டு பேர் இருந்த ரீயூனியன் தீவு. அங்க தோட்டத்து வேலியில இலையுதிர்கால டமாஸ்க்கும் சீன ரோசாவும் பக்கத்தில பக்கத்தில நிண்டு தானாக் கலந்து பிறந்தது, பிரெயோன் எண்ட பூங்காக்காரர் 1817ல அங்க போய் அதைக் கவனிச்சு பாரிசுக்கு விதை அனுப்ப அதில இருந்து பூர்போன் ரோசா எண்டு ஒரு குலமே வந்தது. சீன ரோசாவின்ட பக்கத்தால வந்ததுதான் அந்த ஓயாமப் பூக்கிற குணம், டமாஸ்க் பக்கத்தால வந்தது மணம்.

பிரிக்கிறதுக்கு: டமாஸ்க் இலை சாம்பல் ஓடின மெத்தெண்ட பச்சை, கீழ்ப்பக்கம் மயிர், தண்டில வளைஞ்ச முள்ளும் ஊசி முள்ளும் கலந்து நெருக்கமா, பூவுக்குக் கீழ கும்பம் ஒடுங்கி நீளமா, புல்லியிதழும் நீளம். எட்வர்ட் இலை அகலம், வழுவழுப்பு கூட, முள் இடைவெளி விட்டு, கும்பம் உருண்டைக்குக் கிட்ட. வருசம் முழுக்கப் பூத்தா எட்வர்ட் பக்கம் ஒரு கல் கூடப் போடுங்கோ. மணத்தை மட்டும் வைச்சு முடிவெடுக்கேலாது, ரெண்டும் அடிக்கிறது கிட்டத்தட்ட ஒரே குடும்ப மணம்.

இனி நான் மேல சொன்ன சீப்புப் பல்லு விசயம். "என்ட ரோசா வேற பூ பூக்குது, பேர் மாறிப்போச்சு" எண்டு சொல்றவையில கனபேரின்ட கதை இதுதான். கண்டு ஒட்டுக் கண்டு, கீழ ஒட்டுக்கட்டை ஒரு காட்டு ரோசா, மேல ஒட்டின ரகம் மழையில அழுகிச் செத்திருக்கும், கட்டையில இருந்து வந்த முளை ஓங்கி வளந்திருக்கும். ஒட்டின முடிச்சைக் கண்டுபிடியுங்கோ, வேருக்கு மேல வீங்கின மாதிரி ஒரு இடம், அதுக்குக் கீழ இருந்து வாற கொப்பெண்டா அது நீங்கள் வாங்கின ரோசாவே இல்லை. இலையில ஏழு ஒன்பது சிற்றிலை, செதிலில சீப்புப் பல்லு, பூ சின்னன் வெள்ளைக் கொத்து எண்டா கட்டை மல்டிஃப்ளோரா. ஏழு சிற்றிலை மட்டும் கண்டிட்டு வெட்டாதேங்கோ, நல்ல ரகங்களிலயும் ஏழு வரும். முடிச்சுக்குக் கீழ எண்டு உறுதியானா மண்ணைக் கிளறி அடியோட கிழிச்சு எடுங்கோ, வெட்டிவிட்டா திரும்ப முளைக்கும்.

முடிச்சுக்கு மேல ஒரு கொப்பு மட்டும் வேற நிறம் பூத்தா அது வேற கதை, செடி தானா மாறியிருக்கு, ஸ்போர்ட் எண்டு சொல்லுவினம். பீஸில இருந்து 1962ல "சிக்காகோ பீஸ்" வந்ததும், ஐஸ்பேர்க்கில இருந்து 1968ல கொடி ஐஸ்பேர்க் வந்ததும் இப்பிடித்தான். இதுகளில இலை, முள், மொட்டு எல்லாம் தாய்ச்செடி மாதிரியே இருக்கும், மாறின அந்த ஒரு குணம்தான் அடையாளம். பத்தை ஐஸ்பேர்க்கா கொடி ஐஸ்பேர்க்கா எண்டு தெரியோணுமெண்டா கவ்வாத்து வெட்டாம ஒரு வருசம் விடுறதை விட வேற வழி இல்லை.

ஃபோனில படம் எடுத்து ஆப்பில போட்டா வராதா எண்டு கேட்பியள். வரும், ரோசா எண்டு வரும். அதுக்கு மேல அது சொல்ற ரகப்பேர் நெட்டில வடிவான படம் கனக்க இருக்கிற ஏதோ ஒரு ரோசாவின்ட பேர். ஹெல்ப் மீ ஃபைண்ட் எண்ட ரோசாத் தளம் நல்லம், ஆனா அதை ஒரு பேரைச் சரிபாக்கப் பாவியுங்கோ, வெறும் கையோட போய் தேடினா சமுத்திரம். அங்க பேரைப் போட்டா அதே பேரில இருக்கிற மற்ற ரோசாக்களும் வருசத்தோட வரிசையா வரும், எங்கட வேலைக்கு அதுதான் வேணும். படம் எடுக்கேக்க பூவை மட்டும் எடுக்காதேங்கோ, மொட்டின்ட பக்கவாட்டு, இலையின்ட ரெண்டு பக்கம், முத்தின தண்டு, முழுச்செடி, எல்லாத்திலயும் அடிமட்டம் தெரியோணும். கடுஞ்சிவப்புப் பூவை நேர் வெயிலில எடுத்தா ஃபோன் எல்லாத்தையும் ஒரே சிவப்புக் களியாக் காட்டும், நிழலில வைச்சு வெளிச்சத்தைக் குறைச்சு எடுங்கோ.

இவ்வளவும் பாத்தும் பேர் வராட்டி, இங்க கனதரம் வராதுதான், பேரை இட்டுக்கட்டி எழுதாதேங்கோ. பெர்முடாத் தீவில, அதுவும் எங்களை மாதிரிச் சூடும் ஈரமுமான இடம், பேர் தெரியாத பழைய ரோசாக்களுக்கு அது நிண்ட இடத்தின்ட பேரை வைச்சு வளத்துக்கொண்டு வருகினம், "ஸ்மித்ஸ் பாரிஷ்" எண்டது அப்பிடி ஒரு ஊர்ப்பேர் வைச்ச ரோசா. நாங்களும் "தெகிவளைப் பிங்க்", "பம்பலப்பிட்டி அன்ரி வீட்டுச் சிவப்பு" எண்டு வைக்கலாம், அது பொய்யான ப்ளூ மூனை விட எவ்வளவோ மேல். துண்டில மூண்டு வரி போட்டு, கடையில சொன்ன பேர், நீங்கள் சந்தேகப்படுற பேர், எங்க எப்ப வாங்கினது எண்டு எழுதுங்கோ. யோகட் கப்பை நீட்டு நீட்டா வெட்டினா நல்ல துண்டு வரும், மேல சுரண்டிப் பென்சிலால எழுதுங்கோ, மார்க்கர் எங்கட வெயிலுக்கு ஒரு போகம் கூடத் தாங்காது, பென்சில் நிக்கும்.

ரெண்டு செடி ஒண்டுதானா எண்டு சந்தேகமெண்டா படத்தை ஒப்பிடவேண்டாம். ரெண்டிலயும் பென்சில் நீளத் தடி வெட்டி ஒரே அளவுச் சாடி, ஒரே மண், ஒரே வெயிலில பக்கத்தில பக்கத்தில ஊண்டுங்கோ. நிழல், உரம், ஒட்டுக்கட்டை எண்டு சொல்ற சாட்டெல்லாம் அதில அடிபட்டுப்போகும், பிறகும் முள்ளும் கும்பமும் வேறயா நிண்டா ரெண்டும் வேற ரோசாதான், துண்டில என்ன எழுதிக் கிடந்தாலும் சரி.